இரண்டு வீடு, ஒரு சுவர்: அஸ்தினாபுரம் போய் வந்த கதை

இந்த வலைப்பூவில் இதுவரை மலை, அருவி, பழைய கோட்டை என்றுதான் எழுதி வந்திருக்கிறேன். இந்த முறை சென்னையின் தெற்குப் புறநகர். "தாம்பரத்துல பார்க்க என்ன இருக்கு? ரயில் மாறுறதுக்கு இறங்குற ஊர் அது" என்று என் கணவர் சிரித்தார். திருச்சிக்காரர்கள் பலருக்கும் அந்த எண்ணம்தான், எனக்கும் இருந்தது. ஒரு புறநகர் எப்படி முளைத்து வளர்கிறது என்று பார்க்க ஆசை உள்ளவர்கள் இரண்டு நாள் ஒதுக்கி இந்தப் பக்கம் தாராளமாகப் போய் வரலாம்.

நான் போனது சுற்றிப் பார்க்க அல்ல. பிப்ரவரியில் ஒரு புதன்கிழமை என் அக்கா விஜயா போன் செய்தாள்.

"சுமதி, வீடு தூக்கறவங்க வந்து பார்த்துட்டுப் போனாங்க. எங்க பாதிய மட்டும் தனியா தூக்க முடியாதாம். பக்கத்து வீட்டையும் சேர்த்துதான் தூக்கணுமாம். நீ வந்து ஸ்டெல்லாகிட்ட கேளு."

"நீயே கேளேன். நடுவுல ஒரு சுவர்தானே இருக்கு?"

"நான் கேக்கறதா இருந்தா உன்னை ஏன்டி திருச்சியிலேருந்து கூப்பிடறேன்?" என்று போனை வைத்துவிட்டாள்.

வீடு தூக்குவது என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அஸ்திவாரத்தைச் சுற்றித் தோண்டி, அடியில் வரிசையாக ஜாக்கிகளைப் பொருத்தி, மொத்த வீட்டையும் மூன்று நான்கு அடி உயர்த்தி, கீழே புதிதாகச் செங்கல் கட்டிவிடுவார்கள். கட்டில், பீரோ எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கும். தென்சென்னையில் இதற்கு மின்கம்பந்தோறும் விளம்பரம் ஒட்டியிருக்கிறது, டியூஷன் விளம்பரத்துக்குப் பக்கத்திலேயே. காரணம் எளிது. பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் தலையிலேயே புது ரோடு போட்டுக்கொண்டே வந்ததில், ஒரு காலத்தில் ரோட்டுக்கு மேலே முழங்கால் உயரத்தில் கட்டிய வீடுகள் இன்று ரோட்டுக்குக் கீழே இருக்கின்றன. மழை வந்தால் தண்ணீருக்கு வழி கேட்க வேண்டிய அவசியமே இல்லை.

அக்கா வீட்டில் இன்னொரு விசேஷம் உண்டு. அக்காவின் கணவரான எங்கள் மாமாவும் பக்கத்து வீட்டு டேவிட் அண்ணனும் பல்லாவரத்தில் ஒரே தோல் கம்பெனியில் வேலை பார்த்தவர்கள். இருவரும் சேர்ந்து ஒரு மனை வாங்கி, சரிபாதியாகப் பிரித்து, செங்கல் செலவு மிச்சம் என்று நடுவில் ஒரே ஒரு பொதுச்சுவர் எழுப்பி வீடு கட்டினார்கள். அஸ்திவாரம் ஒன்று, மேல்தளம் ஒன்று, போர்வெல்லும் ஒன்று. தெருவிலிருந்து பார்த்தால் இரண்டு வாசல் உள்ள ஒரே வீடு. பாதியை மட்டும் தூக்கினால் தளம் சுவரோரமாகப் பிளந்துவிடும் என்று மேஸ்திரி சொல்லிவிட்டார். டேவிட் அண்ணன் இப்போது இல்லை, அவர் மனைவி ஸ்டெல்லா தலையசைத்தால்தான் உண்டு. ஸ்டெல்லாவும் அக்காவும் பேசி ஐந்து வருடம் ஆகிறது.

போன மழைக்குத் தண்ணீர் கட்டில் உயரம் வந்ததாம். இன்னொரு மழையை அந்த வீட்டில் தாங்க முடியாது, தூக்கவில்லை என்றால் எங்காவது மாடியில் வாடகைக்குப் போய்விடுவோம் என்று அக்கா முடிவு செய்திருந்தாள். மேஸ்திரி சனிக்கிழமை வரைதான் கெடு கொடுத்திருந்தார். அதன்பிறகு அவர் ஆட்கள் முடிச்சூர் பக்கம் வேறு வேலைக்குப் போய்விடுவார்கள், திரும்பி வர மழைக்காலம் முடிந்துவிடும்.

வியாழன் இரவு திருச்சியில் ரயில் ஏறினேன். ஸ்லீப்பர் டிக்கெட் ஏறக்குறைய இருநூற்று நாற்பது ரூபாய். வெள்ளிக்கிழமை காலை ஐந்தே முக்காலுக்குத் தாம்பரம். இங்கே இறங்குகிறவர்கள் அவசரப்பட வேண்டாம். முகம் கழுவி, ஸ்டேஷன் வாசலில் ஒரு டீ குடித்துவிட்டு மின்சார ரயில் பிடிக்கலாம். அந்த நேரத்திலேயே பூக்காரர்களும் வேலைக்குப் போகிறவர்களுமாக நடைமேடை நிரம்பிவிடுகிறது. குரோம்பேட்டைக்கு ஐந்து ரூபாய் டிக்கெட், இரண்டாவது ஸ்டேஷன், பத்து நிமிடம்கூட ஆகாது. கிழக்குப் பக்கம் வெளியே வந்தால் அஸ்தினாபுரத்துக்கு ஷேர் ஆட்டோ கிடைக்கும். என்னிடம் பை இருந்ததால் தனி ஆட்டோ எடுத்தேன். நூற்று இருபது கேட்டு நூறு ரூபாய்க்கு வந்தார்.

தெருப் பெயரைச் சொன்னதும் ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார். "மேட்டு வூடா, பள்ளத்து வூடாம்மா?"

"பள்ளந்தான்."

"அப்போ பழைய பார்ட்டி. மொதல்ல வந்து வூடு கட்னவங்க எல்லாம் பள்ளத்துல கீறாங்கோ, நேத்து வந்தவங்க மேட்டுல கீறாங்கோ. இன்னா நியாயம் பாரு." அவர் இந்த ஊரின் பழைய குடும்பத்தைச் சேர்ந்தவராம். வழியில் ஒரு வளைவைக் காட்டி, "இது எங்க வயல்மா. எங்க நெலத்துலதான் ஓட்டிகினு போறேன். அதுக்குனு எக்ஸ்ட்ரா கேக்க மாட்டேன், பயப்படாத" என்றார்.

அவர் வேடிக்கையாகச் சொன்னதுதான் இந்தப் பகுதியின் வரலாறு. ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த நிலங்கள் இவை. விவசாயக் குடும்பங்கள் வயலில் கல் நட்டு மனையாகப் பிரித்து விற்றன. பல்லாவரம், குரோம்பேட்டைத் தொழிற்சாலைகளில் மாதச் சம்பளம் வாங்கியவர்கள் வந்து வாங்கினார்கள். முதலில் வீடு வந்தது. பிறகு வீட்டைத் தேடிக்கொண்டு மின்கம்பம் வந்தது, தெரு வந்தது, பஸ் வந்தது, தண்ணீர்க் குழாய் வந்தது. மழைநீர்க் கால்வாய் எல்லாவற்றுக்கும் கடைசியாக, வந்த பாதியும் வராத பாதியுமாக நிற்கிறது. அப்பாக்கள் சைக்கிளில் தோல் கம்பெனிக்குப் போன தெருமுனையில் இப்போது பிள்ளைகள் சிறுசேரி ஐ.டி. கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிறார்கள். என் அக்கா மகளும் அவர்களில் ஒருத்தி.

அக்கா வீட்டுக்கு ரோட்டிலிருந்து சரிவில் இறங்கித்தான் போக வேண்டும். முன்பு வந்தபோதெல்லாம் இதை நான் பெரிதாகக் கவனித்ததில்லை. இந்த முறை வாசலில் நின்று பார்த்தேன். தெருவில் போகிறவர்களின் செருப்பு என் இடுப்புக்கு நேராகப் போனது. அக்கா சுவரில் போன மழையின் கறையைக் காட்டினாள். பக்கத்து வாசல் மூடியிருந்தது. அந்தச் சுவரிலும் அதே உயரத்தில் அதே கறை.

இட்லி சாப்பிட்டபடியே சண்டையின் கதையைக் கேட்டேன். ஒரு மழைக்குப் பிறகு ஸ்டெல்லா தன் முன்வாசலில் இரண்டு லோடு ரப்பீஷ், அதாவது இடித்த கட்டடத்தின் கல்லும் மண்ணும், கொட்டி மேடாக்கினார்களாம். அடுத்த மழைக்கு அந்தத் தண்ணீரெல்லாம் அக்கா பக்கம் வந்தது. அக்கா சும்மா இருப்பாளா? மூன்று லோடு கொட்டினாள். தண்ணீர் திரும்பி ஸ்டெல்லா பக்கம் போனது. அந்தப் பக்கம் மறுபடி ஒரு லோடு. வார்த்தை தடித்து, "இனி உன் வாசல் மிதிக்க மாட்டேன்" என்று இரண்டு பேரும் சொல்லிவிட்டார்கள். அதற்குள் ரோடு இன்னும் ஓர் அடி ஏறி, தண்ணீர் இரண்டு வாசலுக்கும் பாரபட்சம் இல்லாமல் வந்தது.

"தெருவுல எல்லாரும் அதத்தான் செஞ்சாங்க. நான் மட்டும் என்ன பண்றது?" என்றாள் அக்கா. அது உண்மைதான். தெருவில் நடந்து பார்த்தால் தெரியும். ஒவ்வொரு வாசலும் பக்கத்து வாசலைவிட ஒரு சாண் உயரம். அந்த ஊர் முழுவதும் அப்படித்தான் தண்ணீரைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பி அனுப்பியே வளர்ந்திருக்கிறது.

"சரி, இப்பவே போய்க் கேட்டுட்டு வரேன்" என்று எழுந்தேன். "இன்னிக்கு வெள்ளிக்கிழமை, பல்லாவரம் சந்தை. அதப் பார்த்துட்டு வந்து போலாம்" என்றாள். அக்காவுக்குப் பயம் என்று எனக்குப் புரிந்தது.

பல்லாவரம் வெள்ளிச் சந்தைக்குக் குரோம்பேட்டையிலிருந்து ஒரே ஸ்டேஷன், மறுபடி ஐந்து ரூபாய். பழைய டிரங்க் ரோட்டில் காலையிலிருந்து மாலை வரை நடக்கிறது. பழைய மிக்ஸி, கதவு, கைப்பேசி, புறா, மீன்தொட்டி, துணி, செடி என்று கிடைக்காத பொருள் இல்லை. தலைக்கு மேலே விமானம் தாழ்வாகப் போகும்போது கடைக்காரர்கள் பேச்சை நிறுத்தி, சத்தம் போனதும் விட்ட இடத்திலிருந்து பேரம் பேசுகிறார்கள். பதினோரு மணிக்குள் போய்விடுங்கள், வெயில் தாங்காது.

ஒரு செடிக்கடையில் அக்கா ரோஜாச் செடி விலை கேட்டாள். ஐம்பது ரூபாய். "ரெண்டு குடுங்க" என்றாள். கடைக்காரர் இரண்டை எடுத்துப் பையில் வைத்த பிறகுதான் அவள் முகம் மாறியது. சண்டைக்கு முன் இருபத்தைந்து வருடம் எது வாங்கினாலும் தனக்கொன்று, ஸ்டெல்லாவுக்கொன்று என்று இரண்டு வாங்கிப் பழகிய வாய் அது. தீபாவளிக்கு அக்கா மாவு பிசைந்தால் ஸ்டெல்லா வந்து முறுக்கு பிழிவார்கள், கிறிஸ்துமஸுக்கு ஸ்டெல்லா கேக் வைத்தால் முதல் துண்டு சுவர் தாண்டி வரும். ஒன்றைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று கேட்டேன். "இருக்கட்டும், வாங்கியாச்சு" என்று முன்னே நடந்தாள்.

மாலை ஐந்து மணிக்கு அந்த இரண்டாவது ரோஜாச் செடியை எடுத்துக்கொண்டு பக்கத்து வாசலுக்குப் போனேன். ஸ்டெல்லா அக்கா கதவைத் திறந்ததும், "வா சுமதி. காலையிலேயே வந்துட்டே, எப்ப வருவேன்னு பார்த்துட்டு இருக்கேன்" என்றார்கள். நான் வந்தது எப்படித் தெரியும் என்று கேட்டதற்குச் சுவரைத் தட்டிக் காட்டினார்கள். அந்தச் சுவரில் எந்தச் சத்தமும் நிற்காது. இந்தப் பக்கம் குக்கர் விசில் அந்தப் பக்கம் கேட்கும், அந்தப் பக்கம் ஜெபம் செய்தால் இந்தப் பக்கம் கேட்கும். ஐந்து வருடமாக ஒருவர் இருமலை ஒருவர் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள்.

டீ போட்டுக் கொடுத்தார்கள். மகன் ஜோயல் ஆஸ்திரேலியாவில், மெல்போர்னுக்கு வெளியே ஒரு புதுப் புறநகரில் வீடு வாங்கியிருக்கிறான். வீட்டை விற்றுவிட்டு வந்துவிடு என்கிறானாம். போன வருடம் நாலு மாதம் இருந்துவிட்டு வந்திருக்கிறார்கள்.

"அங்க எல்லாம் தலைகீழ் சுமதி. மொதல்ல தரைக்கு அடியில பைப்பு, அப்புறம் ரோடு, லைட்டு, பார்க்கு. வீடு கடைசியா வருது. அவன் வீட்டுக்கு அந்தாண்ட ஒரு தெரு பூரா ஒரு வீடு இல்ல, லைட்டு மட்டும் எரியுது. ஒரு பொட்டு தண்ணி நிக்காது."

"அப்போ போயிடலாமேக்கா?"

"போலாம்." டம்ளரைச் சுற்றிக்கொண்டே இருந்தார்கள். "ஆனா அங்க சுவத்துக்கு அந்தப் பக்கம் யாரு இருக்காங்கன்னே தெரியல. நாலு மாசத்துல ஒரு சத்தம் கேக்கல."

நான் வந்த விஷயத்தைச் சொன்னேன். தெரியும் என்று தலையசைத்தார்கள். மேஸ்திரி பேசியது முழுவதும் சுவர் வழியாகக் கேட்டிருக்கிறது.

"போர் மோட்டார் உங்க பக்கம்தானே இருக்கு? இத்தன சண்டையிலயும் ஒரு நாள்கூட விஜி எனக்கு வால்வ மூடல. காலையில ஆறு மணிக்கு என் டேங்குதான் மொதல்ல ரொம்பும். டேவிட் தவறினப்போ வந்து காலையிலேருந்து என் பக்கத்துலயே உட்கார்ந்திருந்தா. கையப் புடிச்சுட்டே இருந்தா. வாயத் திறக்கல. நானும் திறக்கல." கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். "வீட்ட தூக்கறதுக்கு எனக்கு ஒண்ணும் இல்ல. மேல தூக்கி வச்சுட்டு அப்பவும் ரெண்டு பேரும் பேசாமதான் இருக்கப் போறோம்னா, அதுக்கு நான் வித்துட்டு என் புள்ளைகிட்டயே போயிடுவேன். அவள வந்து கேக்கச் சொல்லு. தூது எல்லாம் வேணாம்."

செடியை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன். இந்தப் பக்கம் அக்கா அந்தச் சுவரோரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். எல்லாம் கேட்டிருக்கும். என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அவ டீல சக்கரை போட்டாளா? சுகர் இருக்குடி அவளுக்கு."

"போய்ப் பேசு" என்றேன். புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டே இருந்தாள். "ஸ்டெல்லான்னு கூப்பிடறதுக்கே வாய் வரல சுமதி. என்னன்னு ஆரம்பிக்கறது?"

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மேஸ்திரி பாஸ்கர் வந்துவிட்டார். பக்கத்து வீட்டில் இன்னும் கேட்கவில்லை என்று மாமா தயங்கித் தயங்கிச் சொன்னார். "சரி சார், மட்டமாச்சும் பாத்துட்டுப் போறேன். ரெண்டு பக்கமும் எவ்ளோ எறங்கிக்கீதுன்னு தெரிஞ்சாதான் அப்பால ஜாக்கி ஏத்த முடியும்" என்று பையிலிருந்து நீளமான பிளாஸ்டிக் டியூபை எடுத்தார். உள்ளே தண்ணீர் நிரப்பி ஆளுக்கொரு முனையாகப் பிடித்துக்கொண்டால் இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கும், அதை வைத்துச் சுவரில் கோடு போடுவார்கள். கட்டட வேலை பார்த்தவர்களுக்குத் தெரிந்ததுதான். கூட வர வேண்டிய ஆள் வண்டி பஞ்சராகி வழியில் நின்றுவிட்டானாம். மேஸ்திரி ஒரு முனையை அக்கா கையில் கொடுத்துத் தூணோரம் நிறுத்தினார். மறு முனையைப் பக்கத்து வாசல் பக்கம் எறிந்து, "யக்கா, அந்தாண்ட யாராச்சும் இத்த கொஞ்சம் புடிங்கக்கா" என்று கத்தினார். நான் போக எழுந்தேன். அதற்குள் ஸ்டெல்லா அக்கா வெளியே வந்து டியூபை எடுத்துக்கொண்டார்கள்.

இரண்டு பேரும் பத்தடி தூரத்தில் நின்றார்கள். ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை, தண்ணீரையே பார்த்தார்கள்.

"ஆடாம புடிங்க. விஜிக்கா, இன்னும் கொஞ்சம் மேல" என்றார் மேஸ்திரி.

அக்காவுக்கு அவசரம். கொஞ்சம் என்றதற்கு ஒரேயடியாகத் தலைக்கு மேலே தூக்கிவிட்டாள். டியூபில் இருந்த தண்ணீர் அந்த முனை வழியாகப் பொங்கி ஸ்டெல்லா அக்காவின் புடவையெல்லாம் நனைத்தது. அக்கா அப்படியே உறைந்து நின்றாள். மாமா கண்ணை மூடிக்கொண்டார். இன்றோடு முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன்.

ஸ்டெல்லா அக்கா புடவையைப் பார்த்தார்கள். பிறகு நிமிர்ந்து, "இப்பவும் எம் பக்கம்தான் தள்ளி விடுறியாடி விஜி?" என்றார்கள்.

அக்காவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா அழுகையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. "இருடி, எறக்கறேன்" என்றாள்.

"எறக்கு. இன்னும். இன்னும் கொஞ்சம். ஆங், நில்லு."

"நின்னுச்சா?"

"நின்னுச்சு."

மேஸ்திரிக்கு இது எதுவும் தெரியாது. அங்குமிங்கும் ஓடி இரண்டு வாசலிலும் நீலப் பென்சிலால் கோடு போட்டார். அக்கா டியூபைக் கீழே வைக்கவில்லை. கண்ணீர் வழிய வழிய அப்படியே பிடித்துக்கொண்டு, "ஸ்டெல்லா, தூக்கிடலாமா?" என்று கேட்டாள்.

"அதான் பேசிட்டேல்ல. தூக்கு."

"இன்னாக்கா, எத்தன அடி தூக்கணும்?" என்றார் மேஸ்திரி. ஒரே நேரத்தில் ஒருத்தி மூன்று என்றாள், இன்னொருத்தி நான்கு என்றாள். அடுத்த அரைமணி நேரம் அதற்குச் சண்டை நடந்தது. நானும் மாமாவும் உள்ளே போய் நிம்மதியாகக் காபி குடித்தோம். ஞாயிறு காலை ரயில் பிடித்து ஊர் திரும்பினேன்.

திரும்பி வரும் வழியெல்லாம் ஒன்றை நினைத்துக்கொண்டிருந்தேன். ஆஸ்திரேலியாவில் தெருவைப் போட்டுவிட்டு ஆட்களுக்காகக் காத்திருக்கிறார்கள். இங்கே ஆட்கள் முதலில் வந்து, சேற்றில் நின்று, ஒருவர் வீட்டுக் கடப்பாரையை ஒருவர் வாங்கித் தெருவை உண்டாக்கினார்கள். கால்வாயை முதலில் வெட்டியிருந்தால் என் அக்காவின் ஐந்து வருடம் வீணாகியிருக்காது. அந்தக் கோபம் எனக்கு இருக்கிறது. ஆனால் பேச்சு நின்ற பிறகும் பக்கத்து டேங்கை முதலில் நிரப்பிவிடும் மனிதர்களை எந்த வரைபடத்திலும் போட்டுவிட முடியாது.

போக நினைப்பவர்களுக்கு: வெள்ளிக்கிழமையாகப் பார்த்துப் போனால் சந்தையும் கிடைக்கும். ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம், அக்டோபர் நவம்பர் வேண்டவே வேண்டாம். தென் மாவட்டங்களிலிருந்து பஸ்ஸில் வந்தால் கிளாம்பாக்கத்திலேயே இறக்கிவிடுவார்கள், அங்கிருந்து தாம்பரத்துக்கு நகரப் பேருந்து உண்டு. காலை எட்டிலிருந்து பத்து வரை மின்சார ரயிலில் பையோடு ஏறாதீர்கள். உள்தெருக்களை நடந்தே பாருங்கள், வாசல்களின் உயரத்தைக் கவனித்தால் எந்த வீடு எப்போது வந்தது என்று நீங்களே சொல்லிவிடலாம். இந்தப் பக்கம் மனை வாங்குவதாக இருந்தால் மழை பெய்த மறுநாள் போய்ப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

ஏப்ரலில் வேலை முடிந்தது. மூன்றரை அடி. கடைசியில் மேஸ்திரி இரண்டு வாசலுக்கும் இரண்டு படிக்கட்டு கட்ட அளவெடுத்தாராம். வேண்டாம், சுவருக்கு நேராக நடுவில் ஒரே படிக்கட்டு போதும் என்று அக்கா சொல்லிவிட்டாள். இடம் போதவில்லையா என்று போனில் கேட்டேன்.

"இடமெல்லாம் இருக்குடி" என்றாள். "அவ ஏறி வரும்போது நான் இறங்கினா, யாராவது ஒருத்தர் வழி விடணும்ல? பேசித்தானே ஆகணும்."